குவேக்கர் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டது இது: பிலடெல்பியா பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே 'ஃப்ரெண்ட்ஸ் ஸ்கூல்' என்று ஒன்று இருக்கிறது, சுற்றிப் பார்க்கப் போனால் சுவருக்குச் சுவர் குவேக்கர் மதிப்பீடுகள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இது சர்ச் பள்ளியா, பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களா, அந்த மதிப்பீடுகளால் பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

சுருக்கமாகச் சொன்னால், மதமாற்றப் பயம் வேண்டாம். ஆனால் சுவரில் ஒட்டியிருப்பதை வைத்துப் பள்ளியை எடைபோடவும் வேண்டாம். இப்படி ஒரு பள்ளியில் பல வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான், குவேக்கர் கிடையாது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். (ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்ட தாத்தா படம் இருக்குமே, அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.)

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றிக் கிளம்பிய கிறிஸ்தவக் கூட்டம் இது. தங்களை 'ஃப்ரெண்ட்ஸ்' (நண்பர்கள்) என்றே சொல்லிக்கொள்வார்கள், பள்ளிக்கு அந்தப் பெயர் அதனால்தான். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி ஏதோ ஒரு அளவில் இருக்கிறது, அதைக் கேட்க நடுவில் பாதிரியார் தேவையில்லை, இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்றால் பிரபுவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற வேண்டியதில்லை, போருக்குப் போய் இன்னொருவனைக் கொல்ல முடியாது, நீதிமன்றத்தில் தனியாகச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, ஏனென்றால் மற்ற நேரத்தில் பொய் சொல்வேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இதற்காகவே கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள்.

பெண்ணுக்குள்ளும் அதே ஒளி என்பதால் பெண்ணையும் படிக்கவைத்தாக வேண்டும். 1668இலேயே ஃபாக்ஸ் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கச் சொல்கிறார், பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து. யார்க்‌ஷயரில் 1779இல் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் முன்னின்று தொடங்கிய ஆக்வொர்த் பள்ளியில் முதலிலிருந்தே ஆண், பெண் இரு பாலாரும் உண்டு. உங்கள் ஊரிலேயே பென் சார்ட்டர் பள்ளி 1689இல் தொடங்கியது. இன்னொரு விஷயமும் இதில் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத் திருச்சபைக்குள் வராதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் நெடுங்காலம் முழுதாகத் தலைகாட்ட முடியவில்லை, 1871இல்தான் அந்தத் தடைகள் பெரும்பாலும் நீங்கின. பாட்டு, நாடகமெல்லாம் வீண் ஆடம்பரம் என்று இவர்களே ஒதுக்கிவைத்திருந்தார்கள். மிச்சம் என்ன இருக்கிறது? தாவரவியல், வானியல், வேதியியல், வியாபாரக் கணக்கு. யார்க் நகரத்து 'பூத்தம்' (Bootham) பள்ளியில் 1834இலேயே இயற்கை ஆராய்ச்சிக்கு மாணவர் சங்கம் இருந்தது. அணுக் கொள்கை சொன்ன ஜான் டால்டன் பன்னிரண்டு வயதில் தன் கிராமத்துக் குவேக்கர் பள்ளியில் வாத்தியாராக உட்கார்ந்தவர். இன்றைக்கும் இந்தப் பள்ளிகளில் அறிவியல் நன்றாக இருப்பதாகப் பேர் இருக்கிறதென்றால் அதற்கு வேர் இங்கேதான். இசைத் தடையெல்லாம் எப்போதோ போய்விட்டது, இப்போது பாட்டும் நாடகமும் தாராளமாக உண்டு.

சரி, மதம். பெரும்பாலான அமெரிக்க குவேக்கர் பள்ளிகளில் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளைகள் சிறுபான்மைதான், பல இடங்களில் ஆசிரியர்களிலும் அப்படித்தான். யூதர், முஸ்லிம், இந்து, எதுவுமில்லை என்பவர், எல்லோரும் இருப்பார்கள். மதம் என்று கண்ணில் படுவது வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் மௌனக் கூட்டம் ஒன்றுதான். அதை எல்லோரும் 'மீட்டிங்' என்றே சொல்வார்கள்.

அந்த அறைக்குள் போனால் சிலுவை கிடையாது, பீடம் கிடையாது, படம், விளக்கு, பூ எதுவும் கிடையாது. ஒன்றையொன்று பார்த்தபடி நீள மர பெஞ்சுகள். பிள்ளைகள் வரிசையாக வந்து உட்காருவார்கள், யாரும் மணி அடிப்பதில்லை, யாரும் ஆரம்பிப்போம் என்று சொல்வதில்லை, உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டது. குட்டிப் பிள்ளைகளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம், பெரியவர்களுக்கு முப்பது, நாற்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஒரே இருமலும் பெஞ்சுக் கிறீச்சலும் ஷூ பட்டையை ஒட்டிப் பிய்க்கிற சத்தமும்தான். இது தியானமா என்று கேட்பார்கள். இல்லை, மூச்சைக் கவனி, மந்திரம் சொல் என்று எதுவும் சொல்லித்தருவதில்லை. உள்ளே ஏதாவது தோன்றி, அது எல்லோருக்கும் சொல்ல வேண்டியதுதான் என்று பட்டால் எழுந்து சொல்லலாம், ஆறு வயசுக்காரனும் சொல்லலாம், தலைமையாசிரியரும் சொல்லலாம். அதற்கு யாரும் பதில் சொல்லக்கூடாது, கைதட்டக்கூடாது, உடனே அடுத்தவர் எழுந்துவிடவும் கூடாது. ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பையன் எழுந்து, எங்கள் நாய் செத்துவிட்டது, அதன் சாப்பாட்டுக் கிண்ணத்தை அம்மா இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து மேல் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, தன் பாட்டி இறந்தபின் அவர் குரல் இருந்த பதிவை ஒரு வருடம் அழிக்காமல் வைத்திருந்ததாகச் சொன்னாள். அந்தப் பையனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கடைசியில் பெரியவர்கள் இரண்டு பேர் கைகுலுக்குவார்கள், உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள், முடிந்தது.

இதில் மதம் எவ்வளவு இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைதான் முடிவு செய்யும். நான் பார்த்தவரை பாதிப் பிள்ளைகள் அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், அதிலும் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நாற்பது பேர் இருக்கும் இடத்தில் பேசாமல் இருக்கவும், ஒருவர் பேசி முடித்ததும் நம் கருத்தை உடனே தூக்கிப் போடாமல் இருக்கவும் ஐந்து வயதிலிருந்து பழகிய பிள்ளை வகுப்பறையில் வேறு மாதிரி இருக்கும். கணக்கு வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அரை நிமிடம் சும்மா நின்றால் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் தவித்துப்போவார்கள், இவர்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள். எனக்கு அந்தப் பள்ளியில் மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது சுவரில் இருக்கும் ஆறு சொற்களுக்கு வருவோம். எளிமை, அமைதி, நேர்மை, சமூகம், சமத்துவம், பொறுப்புடன் பேணுதல். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்பைசஸ்' என்று வரும், பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும், பள்ளி விளம்பரப் புத்தகத்திலும் அழகாக இருக்கும். ஆனால் இந்தப் பட்டியல் ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்தது இல்லை, மிகவும் பிற்பாடு, 20ஆம் நூற்றாண்டில் உருவாகிப் பரவிய வசதியான சுருக்கம். நேர்மையும் சமத்துவமும் வேண்டாம் என்று எந்தப் பள்ளியாவது சொல்லுமா? குவேக்கர்களிடம் தனியாக இருப்பது அவர்கள் காரியம் நடத்துகிற முறை. அந்த முறை ஒரு பள்ளியில் உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முக்கியமானது, வாக்கெடுப்பு கிடையாது. ஆசிரியர் கூட்டத்தை நடத்துபவரை 'கிளார்க்' என்பார்கள், ஆனால் அவர் தலைவர் இல்லை. எல்லோரும் பேசுவதைக் கேட்டு, கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து, அதை அங்கேயே எழுதி அங்கேயே வாசித்துக்காட்டி, இதுதானே என்று கேட்பது அவர் வேலை. ஒரே ஒருவர் 'இல்லை' என்று சொன்னாலும் திரும்பப் பேச்சு. ஐம்பத்தொரு பேர் கை தூக்கி நாற்பத்தொன்பது பேரை வாயடைக்கிற வேலை இங்கே நடக்காது. எனக்கு உடன்பாடில்லை, ஆனால் குறுக்கே நிற்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ளவும் வழி உண்டு, அதையும் மரியாதையாகப் பதிவுசெய்வார்கள்.

படிக்க நன்றாக இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வகுப்பில் செல்போன் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு விஷயம், வேறு எந்தப் பள்ளியிலும் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பி முடித்திருப்பார். எங்களுக்கு ஒரு பருவம் முழுக்க ஓடியது. வரலாறு எடுக்கும் ஒருவர் மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளையை எப்படித் தொடர்புகொள்வது என்று தவிக்கும் குடும்பங்கள், இவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது அவர் குறை. கடைசியில் எழுதப்பட்ட முடிவில் அலுவலகத் தொலைபேசிக்கு எப்போது, எப்படிப் பிள்ளை வரலாம் என்று ஒரு பத்தி சேர்ந்தது. அதன்பின் அந்த விதியை மீற வேண்டும் என்று ஆசிரியர் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது எல்லோருடைய விதி. நேரம் ஆகும், ஆனால் திரும்பத் திரும்ப அதே சண்டை வராது.

இதையே பிள்ளைகளுக்கும் பழக்குகிறார்கள். நாலாம் வகுப்பு, சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று ஒரு பெண் கிளார்க்காக உட்கார்ந்து நடத்துவாள். சத்தமாகப் பேசுகிறவன் ஜெயித்துவிடக் கூடாது, வாயே திறக்காதவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளியில் லீடர் வேலை பேசுகிறவன் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது, இங்கே லீடர் வேலை பேசாதவனைப் பேசவைப்பது.

அப்புறம், விதிகளை விடக் கேள்விகள் அதிகம். குவேக்கர் மரபிலேயே கட்டளைப் பட்டியல் கிடையாது, அவ்வப்போது வாசித்துத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்தான் உண்டு. வகுப்பிலும் அப்படித்தான்: அடுத்தவரைத் திட்டாதே என்று எழுதிப் போடுவதற்குப் பதில், இன்றைக்கு யார் பேச்சை நான் பாதியிலேயே வெட்டினேன் என்று பலகையில் ஒரு கேள்வி இருக்கும்.

பட்டம் போட்டு அழைப்பதும் பழைய குவேக்கர்களுக்கு ஆகாது. அதனால் பல பள்ளிகளில் சார், மிஸ் எல்லாம் இல்லை, நேரே பெயர்தான். பிலடெல்பியா வட்டாரத்துச் சிறு வகுப்புகளில் 'டீச்சர் மேரி', 'டீச்சர் டாம்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. வாத்தியார் வந்தால் எழுந்து நின்று பழகிய நமக்கு முதலில் காதில் இடிக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும், பிள்ளைக்கு ஒரு நாளில்.

தண்டனை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமைதி என்றால் கேட்பாரில்லை என்று அர்த்தமில்லை. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொல்லவைத்து, சேதத்தை எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்று கேட்டுக் குடைந்துவிடுவார்கள். சில பிள்ளைகள் இதற்கு இரண்டு அடி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்றுதான் நினைப்பார்கள்.

குவேக்கர் என்றாலே எப்போதும் இப்படி மென்மையாக இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஜோசஃப் லங்காஸ்டர் என்ற இளைஞர், குவேக்கர், 1798இல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறை. அதே முறையை அதற்குச் சற்று முன்பே சென்னை எழும்பூர் அனாதை விடுதியில் ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் நடத்திப் பார்த்து 1797இல் எழுதியும் இருந்தார், அவருக்கு அந்த யோசனை நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து வந்தது, சட்டாம்பிள்ளை முறை நமக்குப் புதிதா என்ன. யார் முதலில் என்று இங்கிலாந்தில் இரண்டு கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். லங்காஸ்டர் பிரம்பைத் தொட மாட்டார், குவேக்கர் ஆயிற்றே. ஆனால் அடங்காத பையனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து எல்லோரும் பார்க்கத் தொங்கவிடுவார், கழுத்தில் மரக்கட்டை மாட்டுவார். அடிக்கக்கூடாது, அவமானப்படுத்தலாம்! கடைசியில் கடன் சிக்கலில் மாட்டிய அவரைக் குவேக்கர் சங்கமே விலக்கியது.

இதைவிடக் கனமான கதையும் இருக்கிறது, பள்ளி விளம்பரப் புத்தகத்தில் அதன் ஒரு பாதிதான் வரும். ஆன்டனி பெனசெட் என்ற பிலடெல்பியா குவேக்கர் வாத்தியார் 1750இலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் மாலை வகுப்பு நடத்தினார், அவர் விடாமல் சொல்லி 1770இல் சங்கமே அவர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. கனெக்டிகட்டில் புரூடென்ஸ் கிராண்டல், குவேக்கராக வளர்ந்து குவேக்கர் பள்ளியில் படித்தவர், 1833இல் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் பள்ளி நடத்தியதற்காகக் கைதானார், அடுத்த வருடம் கும்பல் வந்து பள்ளியை அடித்து நொறுக்கியது. இது வெளிச்சத்துப் பாதி.

மறுபாதி: அடிமைமுறை தப்பு என்று ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் எழுதிக் கொடுத்தது 1688. அந்தக் காகிதம் சின்னக் கூட்டத்திலிருந்து பெரிய கூட்டத்துக்குப் போனது, அங்கிருந்து அதைவிடப் பெரியதற்குப் போனது, எங்களால் முடிவெடுக்க முடியாத கனமான விஷயம் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் (அந்த வட்டாரத்துக் குவேக்கர்களின் மேல் அமைப்பு) சொன்னது 1776இல். எண்பத்தெட்டு வருடம்! ஒபாமாவின் மகள்கள் படித்த, வாஷிங்டனின் புகழ்பெற்ற சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் பள்ளி 1883இல் தொடங்கியது. அங்கே கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியது 1956இல், அதாவது அரசுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பு சொன்ன பிறகு. சுவரில் சமத்துவம் என்று எழுதும் பள்ளிகளின் கதை இது. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடைசெய்த விடுதிப் பள்ளிகளையும் குவேக்கர்கள் நடத்தியிருக்கிறார்கள், பூர்வகுடிப் பகுதிகளின் நிர்வாகத்தை மதக் குழுக்களிடம் ஒப்படைக்க 1869இல் ஜனாதிபதி கிராண்ட் கொண்டுவந்த கொள்கைக்குப் பிறகு கூடுதலாகவே. நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு செய்தார்கள், அதுதான் கொடுமை. சமீப காலத்தில்தான் சில குவேக்கர் அமைப்புகள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

என் பார்வையில் இது தற்செயல் இல்லை. எல்லோரும் ஒத்துவரும்வரை காத்திருப்போம் என்ற முறையில், மாறவே விரும்பாத நாலு பேருக்கு ஒரு தாழ்ப்பாள் கையில் கிடைக்கிறது. செல்போன் விஷயத்தில் ஒரு பருவம் இழுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஒரு பிள்ளையை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்ற புகார் ஒரு பருவம் இழுத்தால், அந்தப் பிள்ளைக்கு அது ஒரு வருடப் படிப்பு. நல்ல குவேக்கர் பள்ளிக்கு எது கூடிப் பேச வேண்டியது, எது அன்றைக்கே நடவடிக்கை எடுக்க வேண்டியது என்று பிரிக்கத் தெரியும். மோசமான பள்ளியில் எல்லாவற்றுக்கும் "இதை மௌனத்தில் வைத்துப் பார்ப்போம்" என்பார்கள்.

உலகம் முழுக்க எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகத்திலேயே குவேக்கர்கள் அதிகம் இருக்கும் நாடு கென்யா, அங்கே பாட்டு, பிரசங்கம் எல்லாம் உண்டு, பள்ளிகளும் ஏராளம், கட்டணம் வாங்கும் அமெரிக்கப் பள்ளியோடு ஒப்பிடவே முடியாது. பாலஸ்தீனத்து ரமல்லாவில் 1869இல் வேர்விட்ட ஃப்ரெண்ட்ஸ் பள்ளி இன்றும் நடக்கிறது, அங்கே அமைதி என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வேறு. கோஸ்டா ரிக்காவின் மான்டிவெர்டே பள்ளி, ராணுவச் சேவையை மறுத்துச் சிறைக்குப் போன அலபாமா குவேக்கர்கள் ராணுவமே இல்லாத நாட்டுக்கு 1951இல் குடிபெயர்ந்து, பால் கறந்து பிழைத்துக்கொண்டே நடத்தியது.

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1928இல் சென்னை வேப்பேரி பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார், தமிழ் கற்றுக்கொண்டார், பிறகு அதே பள்ளிக்குத் தலைமையாசிரியையும் ஆனார். குவேக்கர்களோடு சேர்ந்தது இங்கே இருந்த காலத்தில்தான். பிறகு சாந்திநிகேதன், அதன்பின் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது, பின்னால் கோத்தகிரி. கையால் வேலை செய்துகொண்டே படிப்பது, பிள்ளைகளே பள்ளியை நடத்துவது என்பதெல்லாம் அவருக்கு காந்தி பக்கமும் குவேக்கர் பக்கமும் ஒன்றாகவே தெரிந்தது. குவேக்கர் கல்வி என்றால் 50,000 டாலர் கட்டணம் என்று நினைக்கிறவர்களுக்கு இவர் பெயரைத்தான் சொல்வேன்.

ஆமாம், கட்டணம். சிட்வெல்லில் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். பல பள்ளிகளில் இதைவிடக் குறைவு, ஆனால் மலிவு என்று சொல்ல முடியாது. எளிமையைச் சொல்லித்தரும் இடத்தின் வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே வரும். இதை அவர்களிடமே நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ளாமல் சங்கடத்தோடு பதில் சொன்னால் அது நல்ல அறிகுறி.

அடுத்த முறை பார்க்கப் போகும்போது, சேர்க்கை அலுவலகம் காட்டுவதோடு நிற்காமல் மூன்று விஷயம் கேளுங்கள். மீட்டிங்கில் ஒருநாள் உட்காரலாமா என்று. அங்கே ஆசிரியர்களும் உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை பின்னால் நின்று பிள்ளைகளை மட்டும் அடக்குகிறார்களா என்று பாருங்கள். கடைசியாகப் பள்ளி எடுத்த கஷ்டமான முடிவு எது, யார் ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பிறகு ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் துன்புறுத்தினால் முதல் நாளில் என்ன செய்வீர்கள், மதிப்பீடு எல்லாம் சொல்லாமல் நடைமுறையை மட்டும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பதில் குழம்பினால் பக்கத்து அரசுப் பள்ளியையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள், உங்கள் வட்டாரத்தில் அதில் நல்லவையும் இருக்கின்றன.

பிடித்திருந்தால் கட்டணத்தைப் பார்த்து மிரண்டு திரும்பிவிட வேண்டாம். இந்தப் பள்ளிகளில் வருமானத்துக்கு ஏற்ப உதவித்தொகை கொடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு, கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், அது பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், அதனால் கடைசித் தேதியை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.